இணையவழிப் பட்டத்துக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டம்: கற்றல் தளம் வாங்குவது கடைசி வேலை

கொழும்பிலுள்ள உயர்கல்வி நிறுவனமொன்றின் உதவிப் பதிவாளர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. சனி, ஞாயிறுகளில் வகுப்பறையில் நடந்துவந்த முதுமாணிப் பாடநெறியொன்றை அடுத்த ஆண்டிலிருந்து முழுக்க இணையவழியில் நடத்த அவர்களுடைய முகாமைத்துவ சபை தீர்மானித்திருக்கிறது. மட்டக்களப்பு, வவுனியா மாணவர்களோடு கட்டார், பிரான்ஸ், கனடா, மாலைதீவு ஆகிய நாடுகளில் இருப்பவர்களையும் சேர்க்கும் எண்ணம் உண்டு. முதலாம் ஆண்டில் 150 பேர், மூன்றாம் ஆண்டில் 600 பேர் என்பது எதிர்பார்ப்பு. வெளிநாட்டு நிறுவனமொன்று, பாடங்களையும் பரீட்சைகளையும் இணையத்தில் நடத்தும் தன் கற்றல் தள மென்பொருளுக்கு விலைமனு கொடுத்திருக்கிறது. அதை வாங்கலாமா, சொந்தச் சேவையகம் நல்லதா, பிறருடைய சேவையகங்களை இணையவழி வாடகைக்கு எடுக்கும் முகில் சேவை (cloud) நல்லதா, ஆறு மாதம் போதுமா என்று கேட்கிறார்.

அந்த விலைமனுவை இப்போதைக்கு ஓர் ஓரமாக வைத்துவிடுங்கள். உயர்கல்வி நிறுவனங்களின் கணினிப் பிரிவுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இணையவழிப் பாடநெறி தடுமாறுவதை நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் தடுமாற்றம் தொடங்கியது கற்றல் தளத்தில் அன்று, பதிவாளர் அலுவலகத்தில்தான். விரிவுரையைக் காணொளியாகக் கொடுப்பதற்கு இன்று பத்து வழிகள் இருக்கின்றன. ஆனால் டோகாவில் இருக்கும் ஒருவர் விண்ணப்பித்து, பணம் கட்டி, பதிவாகி, பரீட்சை எழுதி, பெறுபேறு பெற்று, ஒருமுறையேனும் கொழும்புக்கு வராமலே சான்றிதழ் பெறுவதற்கு உங்கள் அலுவலகத்தில் இன்று வழி இருக்கிறதா? அந்த மாணவரை விண்ணப்பப் படிவத்திலிருந்து பட்டச் சான்றிதழ் வரை ஒரு தாளில் நடத்திப் பாருங்கள். அவர் எந்தெந்த இடத்தில் "அலுவலகத்துக்கு நேரில் வரவும்" என்ற வாசகத்தில் முட்டி நிற்கிறாரோ, அந்த இடங்களே உங்கள் திட்டத்தின் அத்தியாயங்கள்.

முதல் முட்டு பெரும்பாலும் தேசிய அடையாள அட்டை இலக்கம்தான். நம் நிறுவனங்களின் மாணவர் பதிவேடுகள் பல அந்த இலக்கத்தையே ஒருவரை அடையாளங்காணும் திறவுகோலாக வைத்துக் கட்டப்பட்டவை. 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்துமாக இருந்தது 2016 முதல் 12 இலக்கமாக மாறியபோதே அவை ஒருமுறை தடுமாறின. நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில், அடையாள அட்டை இல்லாத வெளிநாட்டு மாணவர்களுக்குக் கடவுச்சீட்டு இலக்கத்தை அந்தக் கட்டத்தில் இட்டு ஒப்பேற்றினோம். மாலைதீவு மாணவர் ஒருவர் இரண்டாம் ஆண்டில் கடவுச்சீட்டைப் புதுப்பித்தார், இலக்கம் மாறியது, பதிவேடு அவரைப் புதிய ஆளாக எடுத்துக்கொண்டது. ஒரே மனிதருக்கு இரண்டு பதிவுகள், முதலாம் ஆண்டுப் புள்ளிகள் ஒன்றில், இரண்டாம் ஆண்டுப் புள்ளிகள் மற்றதில். பட்டமளிப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அவர் முதலாம் ஆண்டில் ஒரு பாடமும் சித்தியடையவில்லை என்று கணினி அறிக்கை தந்தது. இதற்குத் தீர்வு எளிது, ஆனால் முதலாம் நாளே செய்யவேண்டியது: நிறுவனமே வழங்கும், எக்காலத்திலும் மாறாத, பொருளேதும் இல்லாத ஓர் இலக்கம். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, மின்னஞ்சல், தொலைபேசி எல்லாம் அந்த இலக்கத்தின் கீழ் தொங்கும் விவரங்கள் மட்டுமே. அவை எத்தனை தடவை மாறினாலும் ஆள் மாறமாட்டார்.

அடுத்தது பெயர். வெளிநாட்டு மென்பொருள் பலவும் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக்கியிருக்கும். தந்தையின் பெயர் கந்தசாமி, தன் பெயர் மதிவாணன் என்ற ஒருவர் எதை எதில் இடுவார்? கடவுச்சீட்டில் ஒரு விதம், சாதாரண தரச் சான்றிதழில் முதலெழுத்தோடு வேறு விதம், வங்கி அட்டையில் மூன்றாவது விதம். விரிவுரையாளர் மின்னஞ்சலில் "அன்புள்ள கந்தசாமி" என்று தந்தையை விளிப்பது சிரிப்போடு போய்விடும். சான்றிதழில் பெயர் திரும்பி அச்சாகி, கனடாவில் தகைமையை மதிப்பிடும் இடத்தில் அது கடவுச்சீட்டோடு ஒத்துப்போகாமல் நின்றால் சிரிக்க முடியாது. கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப்பெயருக்கு ஒரு கட்டம், எப்படி அழைக்கவேண்டும் என்பதற்கு ஒன்று, சான்றிதழில் வரவேண்டிய பெயருக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரித்து, மூன்றாவதை மாணவரிடம் பதிவின்போதே உறுதிப்படுத்தி வாங்குங்கள்.

தமிழிலும் சிங்களத்திலும் பெயரையும் அறிவித்தலையும் வைத்திருக்கவேண்டும் என்று தீர்மானித்தால், அதுவும் மென்பொருள் நிறுவனங்களுக்கு அனுப்பும் வேண்டுகோள் ஆவணத்தில் எழுதப்படவேண்டிய ஒன்று. யுனிகோட் எனப்படும் ஒருங்குறியில் "விரிவுரை" என்ற சொல் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு எட்டுக் குறியீடு. தரவுத்தளத்தில் 24 பைட். 50 எழுத்து போதும் என்று ஆங்கிலக் கணக்கில் விட்ட கட்டத்தில் நீளமான தமிழ்ப் பெயர் நடுவில் அறுந்துபோகும். குறுஞ்செய்தியிலும் இதே கதைதான்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து கிடைக்கும், தமிழில் 70 குறியீடுதான், ஆகவே "நாளை பரீட்சை ஒத்திவைக்கப்பட்டுள்ளது" என்ற ஒற்றை வாக்கியமே பாதி இடத்தை எடுத்துக்கொள்ளும், அதே நீளத்தில் இன்னொரு வாக்கியம் சேர்த்தால் இரண்டாவது செய்தியின் கட்டணம். ஒருங்குறிக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்ட பழைய மாணவர் பட்டியல்கள் உங்கள் அலுவலகத்தில் கட்டாயம் இருக்கும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் வேலைக்கு ஒருவரை இப்போதே அமர்த்துங்கள். அது தானாக நடக்கும் என்று மென்பொருள் நிறுவனம் சொன்னால் பத்துப் பெயர்களைக் கொடுத்து மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, திறமைப்புள்ளிக் (credit) கணக்கு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு திறமைப்புள்ளி 50 கற்றல் மணித்தியாலங்களைக் குறிக்கும். ஐரோப்பிய முறையில் 25 முதல் 30. பிரித்தானிய முறையில் 10. ஒருவர் பிரித்தானிய நிறுவனமொன்றில் பெற்ற 60 புள்ளிகளோடு வந்து சில பாடங்களிலிருந்து விலக்களிப்புக் கேட்டால், மணித்தியாலக் கணக்கில் அது உங்களுடைய 12 புள்ளிதான். பதிவேட்டில் புள்ளி எண்ணிக்கையை மட்டும் வைத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் கல்விசார் தீர்மானங்களை எடுக்கும் மூதவையின் உபகுழுவில் ஒரு மணித்தியாலம் போகும். மணித்தியாலத்தையும் சேர்த்து வைத்தால் ஒரு வகுத்தலோடு முடியும்.

நேரம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் அதை எல்லோரும் சின்ன விஷயம் என்று நினைக்கிறார்கள். இலங்கையில் கோடைகால நேர மாற்றம் இல்லை என்பதால் நமக்கு அந்த உணர்வே கிடையாது. 1996 முதல் 2006 ஏப்ரல் வரை நாமும் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருந்தோம் என்பதை இன்றைய மாணவர்களில் பலர் அறியமாட்டார்கள். கொழும்பில் மாலை 7 மணி என்பது இலண்டனில் கோடையில் பிற்பகல் 2.30, ஒக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு 1.30. ஓர் ஒக்டோபர் மாதத்தில், நவம்பர்ப் பரீட்சைக்கான அறிவித்தலில் "இலண்டன் நேரம் 2.30" என்று யாரோ அன்றைய வித்தியாசத்தைப் பார்த்து எழுதிவிட, அங்கிருந்த மாணவர்கள் அறிவித்தலை நம்பிச் சரியாக ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தார்கள். தவறு எங்களுடையது. மீள்பரீட்சை வைக்கவேண்டியதாயிற்று. கணினியில் எல்லா நேரத்தையும் உலகப் பொதுநேரத்தில் (UTC) சேமித்து, மாணவரின் திரையில் அவருடைய ஊர் நேரத்தில் காட்டவேண்டும். மனிதர் யாரும் கையால் கணக்குப் போட்டு மின்னஞ்சலில் எழுதக்கூடாது. நேரடி வகுப்பையும் யோசியுங்கள்: கொழும்பில் இரவு 7.30 என்பது டொரொன்டோவில் கோடையில் காலை 10, குளிர்காலத்தில் 9. வேலைக்குப் போகும் ஒருவருக்கு வாரநாளில் அது நடவாத காரியம். ஆகவே நேரடி வகுப்பைச் சனி, ஞாயிறுக்கு வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் பதிவாகக் கொடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். இது கல்விசார் தீர்மானம்போலத் தோன்றினாலும், எவ்வளவு சேமிப்பிடம், எவ்வளவு அலைவரிசை (bandwidth) என்பதையெல்லாம் இதுதான் தீர்மானிக்கிறது.

இனி அலைவரிசை. வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொளி ஒரு மணித்தியாலத்தில் 450 மெகாபைட் எடுக்கும். நான்கு பாடங்கள், பாடத்துக்கு வாரம் 3 மணித்தியாலம், 15 வாரம் என்றால் ஓர் அரையாண்டில் 180 மணித்தியாலம், அதாவது 81 ஜிகாபைட். அதே விரிவுரையை 64 கிலோபிட் ஒலியாகவும் படவில்லைகளாகவும் (slides) கொடுத்தால் 180 மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 5 ஜிகாபைட்டில் முடிந்துவிடும். வவுனியாவில் கைத்தொலைபேசி டேட்டாவில் படிக்கும் மாணவிக்கு இந்த வித்தியாசம் மாதச் செலவில் உடனே தெரியும். எல்லா விரிவுரைக்கும் ஒலி வடிவம் ஒன்றும், தரவிறக்கி வைத்துப் பார்க்கக்கூடிய சிறிய காணொளி ஒன்றும் கட்டாயம் இருக்கவேண்டும் என்பதைக் கொள்கையாகவே எழுதிவிடுங்கள். விரிவுரையாளர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

சேவையகம் எங்கே இருக்கிறது என்பது வேகத்தை மட்டுமல்ல, விலையையும் தொடும். 2020இல் பெருந்தொற்றால் வளாகங்கள் மூடப்பட்டபோது, பல்கலைக்கழகச் சேவையகங்களுக்குச் செல்லும் போக்குவரத்தைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கட்டணமின்றி விட்டதும், லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பினூடாக நிகழ்நிலை வகுப்புகள் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். பாடம் நாட்டுக்குள்ளேயே, தெரிந்த முகவரிகளில் இருந்ததால் அந்தச் சலுகை சாத்தியமாயிற்று. உங்கள் நிறுவனம் அந்த வலையமைப்பில் சேரமுடியுமா என்று முதலில் விசாரியுங்கள். உறுப்பினர்களுக்கு இணைப்பைத் தவிர, எடுரோம் (eduroam) என்ற ஏற்பாட்டின் வழியாக வேறு நாட்டுப் பல்கலைக்கழக வளாகத்திலும் உங்கள் கடவுச்சொல்லோடே கம்பியில்லா இணையம் பெறுவது போன்ற வசதிகளும் உண்டு. மறுபக்கம், பாரிஸிலிருந்து வரும் மாணவர் கொழும்பு வரை கடலடிக் கம்பிவடத்தில் வந்து போகவேண்டும். 2024 பெப்ரவரியில் செங்கடலில் சில கம்பிவடங்கள் சேதமடைந்தபோது ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையிலான போக்குவரத்தின் ஒரு பகுதி சுற்றுப்பாதையில் போகவேண்டியிருந்தது. காணொளிகளின் நகல்களை உலகின் பல இடங்களில் வைத்து வழங்கும் சேவையொன்றை எடுத்து, பதிவேட்டையும் வினாத்தாளையும் மட்டும் ஒரே இடத்தில் வைத்தால் இந்த இரண்டு தேவையும் ஓரளவு சமப்படும்.

"சொந்தமா, முகிலா" என்ற கேள்விக்குக் கொழும்பில் இருந்துகொண்டு விடை சொல்லும்போது 2022ஐ மறக்க முடியாது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். மே மாதத்தில் ஏறக்குறைய 360. ஆண்டுக்கு 20,000 டொலர் என்று ஒப்பமிட்ட ஒருவருக்கு 40 இலட்சமாக இருந்த செலவு சில வாரங்களில் 72 இலட்சமாயிற்று, அதுவும் வங்கியில் டொலர் கிடைத்தால். அதே மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததால் சொந்தச் சேவையகம் வைத்திருந்தவர்களும் நிம்மதியாக இருக்கவில்லை. மின்பிறப்பாக்கிக்கு டீசல் தேடி அலைந்தார்கள். ஒன்று டொலரை நம்பியிருக்கிறது, மற்றது டீசலை. என் பரிந்துரை கலவைதான்: மாணவர் பதிவேடும் அன்றாடக் கற்றல் தளமும் உள்நாட்டுத் தரவு மையமொன்றில் ரூபாய் ஒப்பந்தத்தில், பரீட்சை வாரங்களுக்கும் காணொளிக்கும் மட்டும் வெளிநாட்டு முகில். வெளிநாட்டு மாணவரின் கட்டணத்தை டொலரில் வாங்கி, அந்த வருமானத்திலிருந்தே டொலர்ச் செலவைக் கட்ட முடியுமா என்பதை நிதியாளரோடும் வங்கியோடும் இருந்து பேசுங்கள்.

பரீட்சை வாரத்தை ஏன் பிரிக்கிறேன் என்றால், சாதாரண நாளில் உங்கள் 600 மாணவரும் ஒரே நேரத்தில் உள்ளே வருவதில்லை. பரீட்சையன்று காலை 9 மணிக்கு எல்லோரும் ஒரே பொத்தானை அழுத்துகிறார்கள். 20 வினாடிக்குள் 600 பேர் என்றால் வினாடிக்கு 30 வினாத்தாள் திறக்கப்படவேண்டும். பிறகு மூடில் (Moodle) போன்ற கற்றல் தளத்தில் விடைகள் நிமிடத்துக்கொருமுறை தானாகச் சேமிக்கப்படும் என்பதால் வினாடிக்கு 10 எழுத்து வேலை பரீட்சை முடியும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் முதன்முறை செய்தபோது 9.02க்கு வட்ஸ்அப் குழுவில் "சேர், பேப்பர் ஓபன் ஆகுதில்லை" என்று தொடங்கியது 9.10க்குள் நூறைத் தாண்டிவிட்டது. திறக்காதவர்கள் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்ததில் சேவையகம் முழுதாகப் படுத்துவிட்டது. பின்னர் செய்த மாற்றங்கள் எல்லாம் பெரிய செலவில்லாதவை: தொடக்கத்தை 15 நிமிட இடைவெளிக்குள் பரப்பினோம், வினாக்களைப் பக்கத்துக்கு ஒன்றாக்கினோம், யார் உள்நுழைந்திருக்கிறார் என்ற அமர்வு விவரங்களைச் சேவையகத்தின் வேகமான நினைவகத்துக்கு மாற்றினோம், எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு வாரத்துக்கு முன் மாணவர்களை வைத்தே ஓர் ஒத்திகை நடத்தினோம். ஒத்திகை இல்லாத பரீட்சைக்கு அனுமதி இல்லை என்பதை மூதவைத் தீர்மானமாகவே எடுத்துவிடுவது நல்லது.

முகத்தைக் கமெராவில் பார்த்துக்கொண்டிருக்கும் கண்காணிப்பு மென்பொருளும் அந்த விலைமனுவில் இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கொட்டாஞ்சேனையில் இரண்டு அறை வீட்டில் நான்கு பேரோடு இருந்து எழுதும் பிள்ளைக்குப் பின்னால் அம்மா நடந்து போனால் அது சந்தேகக் குறி போடும். நன்றாகத் திட்டமிட்டுக் காப்பியடிப்பவரை அது பிடிக்காது. முதுமாணி மட்டத்தில் புத்தகம் திறந்து எழுதும் வினாவும், அதைத் தொடர்ந்து 10 நிமிட வாய்மொழிப் பரீட்சையும் வைத்தால் எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும். 600 பேருக்கு 100 மணித்தியாலம், ஐந்து பரீட்சகர்களுக்குத் தலைக்கு 20 மணித்தியாலம். கண்காணிப்பு உரிமத்துக்குக் கொடுக்கும் பணத்தை அவர்களுக்குக் கொடுங்கள்.

தரவுப் பாதுகாப்பில் இரண்டு விஷயம். 2023 ஓகஸ்டில் அரச முகில் சேவை, தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் இணையக் கப்பத் தாக்குதலுக்கு உள்ளானபோது அவ்வாண்டு மே நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் பிற்பகுதி வரையான மின்னஞ்சல்கள் மீட்கமுடியாமல் போயின. காப்புப் பிரதிகளும் அதே தாக்குதலின் எல்லைக்குள் இருந்தன. உங்கள் புள்ளிப் பதிவேட்டின் ஒரு பிரதி வலையமைப்போடு தொடர்பே இல்லாத இடத்தில், வேறொரு கட்டடத்தில் இருக்கவேண்டும். அரையாண்டுக்கு ஒருமுறை அதிலிருந்து உண்மையிலேயே மீட்டெடுத்துப் பார்க்கவேண்டும். இரண்டாவது சட்டம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டுக்கு வெளியே தரவு அனுப்புவதைப் பற்றியும் பேசுகிறது. அதன் பகுதிகள் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருபவை என்பதால், ஒப்பமிடும் நாளில் எவை நடைமுறையில் உள்ளன என்பதைச் சட்ட அலுவலரிடம் எழுத்தில் வாங்குங்கள். பாரிஸ் மாணவர்களை நோக்கி விளம்பரம் செய்து சேர்த்தால் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவு விதிகளும் உங்களைத் தொடும். கொழும்பில்தானே இருக்கிறோம் என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆட்களைப் பற்றி விலைமனு ஒன்றும் சொல்லாது. கொழும்பில் பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் அலுவலகம் மூடியிருக்கும். டோகாவிலும் டொரொன்டோவிலும் அது சாதாரண நாள். கடவுச்சொல் மறந்த மாணவர் வெள்ளி மாலை எழுதினால் திங்கள் காலைதான் பதில் என்றால், ஒரு வார இறுதி வகுப்பு அவருக்குப் போய்விட்டது. வாரநாளில் மாலை 6 முதல் நள்ளிரவு வரை இரண்டு பேரும், சனி, ஞாயிறிலும் போயா தினத்திலும் ஒருவரும் இருக்கும்படி முறைமாற்று வேலைக்கான சம்பளத்தை ஆண்டுதோறும் வரும் மீண்டெழும் செலவில் காட்டுங்கள். நல்ல தமிழும் ஆங்கிலமும் தெரிந்த, பொறுமையுள்ள இளைஞர் ஒருவர் பெரிய மென்பொருள் உரிமத்தைவிட அதிக மாணவரைப் பாடநெறியில் தக்கவைப்பார் என்பது என் அனுபவம்.

கொழும்புக்கு இது புதிய தொழிலும் அன்று. நாவலயில் திறந்த பல்கலைக்கழகம் 1980 முதல் தொலைக்கல்வி நடத்துகிறது. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000இல் தொடங்கிய வெளிவாரித் தகவல் தொழில்நுட்ப இளமாணிப் பட்டம் மாணவர் எங்கே படித்தாலும் பாடத்திட்டத்தையும் பரீட்சையையும் மையமாக வைத்து ஓடியது. இரண்டு இடத்திலும் பரீட்சைப் பிரிவில் இருந்தவர்களோடு ஒரு பிற்பகல் இருந்து பேசிவிட்டு வந்து உங்கள் திட்டத்தை எழுதுங்கள்.

ஆறு மாதம் போதுமா என்றால், 600 பேருக்குப் போதாது. 40 பேருக்குப் போதும். முதல் இரண்டு மாதம் பதிவேட்டுக்கும் கட்டண முறைக்கும், அடுத்த இரண்டு மாதம் ஒரே ஒரு பாடத்தைத் தயாரித்து இயங்கவைப்பதற்கும், கடைசி இரண்டு மாதம் ஒத்திகைக்கும் என்று வையுங்கள். அந்த 40 பேரில் பத்துப் பேராவது நாட்டுக்கு வெளியே இருக்கட்டும். கற்றல் தளமாக முதலாண்டில் திறந்த மூலமான மூடிலையே எடுங்கள். உங்கள் விலைமனு நிறுவனத்துக்கு மூன்று கேள்விகளை மட்டும் எழுதி அனுப்புங்கள்: ஒப்பந்தம் முடிந்தால் புள்ளிகளும் பாடங்களும் எந்த வடிவில் எங்களுக்குத் திரும்பும், விலையை ரூபாயில் மூன்று ஆண்டுக்கு நிலைநிறுத்துவீர்களா, 600 பேர் ஒரே நேரத்தில் வருவதுபோல ஒரு காலைப்பொழுது ஒத்திகை செய்து காட்டுவீர்களா. பதில் வந்தபின் அந்த விலைமனுவை ஓரத்திலிருந்து எடுத்துப் பார்க்கலாம்.